இமைக்கும் நேரம்

சுரங்கப்பாதையில் என் கடை.
கை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும்.
இந்தப் பக்கம் காலுறை விற்கும் குராம்,
அந்தப் பக்கம் சாவி நகலெடுப்பவர்,
நடுவில் நானும் நூற்றுப் பன்னிரண்டு வண்ணங்களும்.

லமாரா வந்தது ஒரு நவம்பர் மாலை.
மெட்ரோ சீருடை,
கையில் பாதி கடித்த பீன்ஸ் ரொட்டி.
"பளிச்சென்று வேண்டும்" என்றாள்.
எவ்வளவு பளிச்?
"எஸ்கலேட்டரின் உச்சியிலிருந்து தெரிகிற அளவு."

அவள் வேலை அப்படி.
திபிலிசியின் அடிவயிற்றில்
நகரும் படிகள் முடிகிற இடத்தில்
ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு நாற்காலி,
ஒரு சிவப்புப் பொத்தான்.
யாராவது விழுந்தால் அழுத்த வேண்டும்.
பதினேழு வருடத்தில் நான்கு முறை அழுத்தியிருக்கிறாள்.
மற்ற நேரமெல்லாம் பார்க்கிறாள்.
ஆயிரம் முகம் இறங்குகிறது,
ஆயிரம் முகம் ஏறுகிறது,
ஒன்றும் அவளைப் பார்ப்பதில்லை.

ஸ்டூலில் உட்காரவைத்து முகத்தைத் திருப்பினேன்.
சாம்பல் கண்.
கருமணியைச் சுற்றி, தேன் தொட்டு வரைந்ததுபோல்
மெல்லிய வளையம்.
திருத்தாத கறுப்புப் புருவங்கள்
நடுவில் கைகோத்து நின்றன.
தோலில் ஆலிவ் காயின் சாயல்,
கன்னத்தில் குளிர் கீறிய சிவப்பு.
மூக்கைப் பற்றி அவளே சொன்னாள்:
"அது எனக்கு முன்னாலேயே வேலைக்குப் போய்விடும்."

அவள் விரல் நீலத்தின் மேல் நின்றது.
எல்லோரும் அப்படித்தான்,
கண்ணுக்கு உறவான நிறத்தையே கேட்பார்கள்.
வேண்டாம் லமாரா,
நீலத்தில் உன் சாம்பல் கரைந்துவிடும்.
கண்ணை வெளியே இழுக்க
அதனோடு சண்டை போடுகிற நிறம் வேண்டும்.
கத்தரிப்பூ வைத்தேன், வளையம் விழித்துக்கொண்டது.
செம்பு வைத்தேன்,
சாவிக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

ஆனால் அவள் இமை மடிந்து விழுகிற இமை.
கண் திறந்ததும்
நிறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.
அதற்கும் வழி உண்டு,
மடிப்பைத் தாண்டி, எலும்பின் விளிம்புவரை ஏற்றிப் பூசுவது.
பூசினேன்.
கண்ணாடியை வெகுநேரம் பார்த்தவள்
"புருவத்தடியில் யாரோ போஸ்டர் ஒட்டியதுபோல இருக்கிறது" என்றாள்.

பிறகுதான் அவள் கூண்டின் டியூப்லைட் நினைவுக்கு வந்தது.
கடையின் மஞ்சள் பல்பை நம்பி
எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறேன்!
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நான்கு டப்பாக்களோடு அவள் பின்னால் இறங்கினேன்.

அங்கே வெளிச்சத்தில் பாசி படர்ந்திருந்தது.
கத்தரிப்பூ, குத்துப்பட்ட காயமானது.
ரோஜாவுக்குக் காய்ச்சல்.
தங்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை.
செம்பு மட்டும்
புளி போட்டுத் துலக்கிய செம்பாகவே இருந்தது.

மூன்று முறை மேலே போய்
மூன்று முறை இறங்கி வந்து பார்த்தேன்.
உச்சியிலிருந்து, கூண்டு ஒரு தீப்பெட்டி.
பாதி வழியில் கண்ணாடியின் மினுக்கல்.
கடைசிப் பத்துப் படியில்தான் முகம்.
சொன்னேன்.
அவளுக்கு வருத்தமில்லை.

"மேலே ஏற்றியதைத் துடைத்துவிடு.
மடிப்புக்குள்ளேயே வை, அழுத்தமாக."
கண் திறந்தால் தெரியாதே?
"இமைப்பேன் இல்லையா?"

மறுநாள் எனக்குக் கீழே ஒரு வேலையும் இல்லை,
போனேன்.
எனக்கு முன்னால்
முட்டை அட்டையோடு ஒரு வாலிபன்.
கூண்டில் அவள்:
சாம்பல் கண், கைகோத்த புருவம், மூக்கு,
வேறொன்றுமில்லை.
இமைத்தாள்.

அடுப்புக் கதவு திறந்து மூடியது.

வாலிபன் படி முடிந்தது தெரியாமல் தடுமாறினான்.
அவள் விரல்
சிவப்புப் பொத்தான்வரை போய்,
நின்றது.